வலை போடாத நாள்

ஓர் ஏரியின் மீன்வளத்துக்குக் கணினி மாதிரி செய்துகொண்டிருந்தேன். மீன் பக்கம் பெரிய சிக்கல் இல்லை. பெல்ஜியக் கணித அறிஞர் வெர்ஹுல்ஸ்ட் 1838-இல் எழுதிய வளர்ச்சிச் சமன்பாடு கைவசம் இருந்தது: மீன் மிகக் குறைவாக இருந்தாலும், ஏரி நிரம்பிவிட்டாலும் ஆண்டு வளர்ச்சி குறைவு. மனிதர்களுக்குத்தான் ஒரே ஓர் எண்ணைக் கொடுத்திருந்தேன்: ஆண்டுக்கு இத்தனை டன் பிடிப்பார்கள்.

ஏரி 1000 டன் மீனைத் தாங்கும், வளர்ச்சி வீதம் 0.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். 500 டன் இருக்கும்போது வளர்ச்சி உச்சத்தில் இருக்கும்: ஆண்டுக்கு 125 டன். சரி, அந்த 125-ஐயே பிடிக்கலாம் என்று தோன்றும். ஏதோ ஒரு வறட்சியில் மீன் 480 டன்னுக்கு இறங்கினால் வளர்ச்சி 124.8 டன். துண்டு விழுவது வெறும் 200 கிலோ. ஆனால் பிடிப்பு 125-லேயே நின்றால், 480-லிருந்து 400-க்கு வரச் சுமார் 80 ஆண்டு ஆகும். மிச்சமிருக்கும் 400 டன்னும் தீர்ந்துபோக 16 ஆண்டு போதும். அந்தக் கோடு கடைசியில் செங்குத்தாக விழுவதைத் திரையில் முதன்முதலில் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது.

அந்தப் படத்தைத்தான் மீனவர்கள் கூட்டத்தில் காட்டினேன். ஒரு பெரியவர் எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்து, கோட்டின் மேல் விரல் வைத்துக்கொண்டே கேட்டார்: “தம்பி, நாங்க வலை போடாத நாளெல்லாம் இதுல எங்க இருக்கு?”

இல்லை. மீன் குறைந்தால் மனிதர் கையை இழுத்துக்கொள்வார் என்பதற்கு என் மாதிரியில் இடமே இல்லை. பொது வளங்களைப் பயன்படுத்துகிறவர்களே விதி வகுத்துக் காப்பாற்றிய இடங்களைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர் எலினோர் ஆஸ்ட்ரம் 1990-இலேயே விரிவாக எழுதியிருக்கிறார். படித்தும் இருந்தேன். படித்தது சமன்பாட்டுக்குள் வந்து சேரவில்லை.

அதற்காக மனிதர்கள் எப்போதும் நேரத்துக்கு விழித்துக்கொள்வார்கள் என்றும் எழுதிவிட முடியாது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் காட் மீன் அருகிக்கொண்டே போனபோதும், எஞ்சியவை ஓரிடத்தில் திரண்டு நின்றன. கப்பல்கள் தேடிப்போய் அள்ளின. பிடிப்பை மட்டும் பார்த்தவர்களுக்குக் கடல் நன்றாகத்தான் தெரிந்தது. 1992-இல் மீன்பிடிப்பு நிறுத்தப்பட்டபோது சுமார் 30,000 பேர் வேலை இழந்தார்கள். ஆக, மாதிரியில் இரண்டு கேள்விகள் வேண்டும்: மக்கள் எதைப் பார்க்கிறார்கள், பார்த்த பிறகு எத்தனை காலம் கழித்துக் கையை இழுக்கிறார்கள்.

அப்புறம் கணினியை மூடிவைத்துவிட்டு அந்த மீனவர்களோடு ஒரு விளையாட்டு ஆடினோம். நடுவில் ஒரு தட்டு, அதில் காய்கள், அவைதான் மீன். ஒவ்வொருவரும் விரும்பியதை எடுக்கலாம். மிஞ்சியதற்கு ஏற்ப நாங்கள் புதிதாகப் போடுவோம். நாலாவது சுற்றில் தட்டு காலியாகும் நிலை. கடன்பட்ட மீனவராக நடித்த ஒருவர் ஐந்து காய்களை எடுத்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எல்லாரும் அவர் கையைப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் காய்களை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தவர், இரண்டைத் திரும்பத் தட்டில் வைத்தார்.

அந்தப் பார்வையை நிரலில் எப்படி எழுதுவது என்று பல வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். இப்போதைக்கு, பக்கத்துப் படகுக்காரர் எவ்வளவு பிடித்தார் என்பது ஒவ்வொரு மீனவருக்கும் தெரியும்படி வைத்திருக்கிறேன். அந்தப் பெரியவரிடம் புதிய கோட்டைக் காட்ட வேண்டும்.