இரண்டு பிள்ளையார் கோயில் தெருக்கள்

நகராட்சியில் 34 வருடம் வேலை பார்த்தேன். 1988-இல் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தபோது பாலாற்றங்கரையில் இருக்கும் எங்கள் ஊர் வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. அடுத்த வருடமே மாவட்டம் இரண்டாகி, நாங்கள் வட ஆர்க்காடு அம்பேத்கர் மாவட்டம் ஆனோம். அப்புறம் வேலூர் மாவட்டம் என்றார்கள். 2019-இல் அதுவும் மூன்றாகப் பிரிந்தது. ஒவ்வொரு முறையும் ரப்பர் ஸ்டாம்ப் புதிதாகச் செய்தோம். மனுவோடு வாசலில் நிற்பவர்கள் மட்டும் அதே தெருக்களிலிருந்துதான் வந்தார்கள்.

நடுவில் இரண்டு ஊருக்கு மாற்றலாகிப் போய் வந்த காலம் தவிர, நான் அதிகம் இருந்தது கவுன்சில் செக்‌ஷனில். நகர்மன்றக் கூட்டத்துக்குப் பொருள் எழுதுவது, கூட்டத்தில் ஓரமாக உட்கார்ந்து குறிப்பெடுப்பது, முடிந்த பிறகு தீர்மானப் புத்தகத்தில் ஏற்றுவது. பொருள் என்றால் அஜெண்டாவில் வரும் ஒவ்வொரு இனமும். சாதாரண மாதத்தில் முப்பது நாற்பது பொருள் வரும். பெரும்பாலும் மோட்டார் ரிப்பேர், குழாய் உடைப்பு, பிளீச்சிங் பவுடர் கொள்முதல், கடை ஏலம், தெருவிளக்கு.

இவற்றுக்கென்று ஒரு நடை உண்டு. "மேற்படி மின்மோட்டார் பழுதடைந்துள்ளதால், பொதுமக்களுக்குத் தடையின்றிக் குடிநீர் வழங்கிட வேண்டி, அவசர அவசியம் கருதிப் பழுது நீக்கம் செய்த வகையில் ஏற்பட்ட செலவினத்திற்கு மன்றத்தின் பின்னேற்பு வேண்டப்படுகிறது." பின்னேற்பு என்றால் செலவு முடிந்த பிறகு வாங்கும் ஒப்புதல். சேர்ந்த புதிதில் இதைக் காப்பியடித்துப் பழகினேன். பத்து வருடத்தில் கை தானாக எழுத ஆரம்பித்தது. ஆனால் அந்த மோட்டார் எரிந்த நாள் எனக்குத் தெரியும். மே மாதம், கத்திரி வெயில். ஆற்று மணலில் இருந்த கிணற்றுக்குள் பிட்டர் இரண்டு பேர் இறங்கி, மோட்டாரைக் கயிறு கட்டி மேலே ஏற்றி, வேலூருக்குக் கொண்டுபோய் ராத்திரியே காயில் கட்டி எடுத்து வந்தார்கள். மூன்று வார்டு மக்கள் குடத்தோடு ரோட்டில் உட்கார்ந்திருந்தார்கள். இவ்வளவும் "அவசர அவசியம்" என்ற இரண்டு சொல்லுக்குள் போய்விடும். கூட்டத்தில் அதைப் படிக்கும்போது யாராவது ஓர் உறுப்பினர் எழுந்து, "அன்னிக்கு அந்தப் பசங்க இல்லன்னா இன்னா ஆயிருக்கும்" என்று சொன்னால்தான் உண்டு. கூட்டம் என்பதே அதற்குத்தான் என்று எனக்குத் தோன்றும். அனுமதி கொடுக்க ஒரு கையெழுத்து போதும். எந்தத் தெரு, யார் வீடு, என்ன நடந்தது என்று வாய்விட்டுச் சொல்வதற்கு ஆள் வேண்டும்.

1996 அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது எங்கள் ஆபீஸே திருவிழா போல இருந்தது. அதற்கு முன் ஐந்து வருடம் மன்றம் இல்லை. அந்த வருடம் ஆகஸ்டில்தான் தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்று. புது மன்றத்தின் தொடக்கக் கூட்டங்களில் ஒன்றில் வயதான கவுன்சிலர் ஒருவர், எல்லோரும் பாய் என்று அழைப்பவர், தன் வார்டு கிணற்றுத் தண்ணீரைக் கண்ணாடி பாட்டிலில் கொண்டு வந்து சேர்மன் மேசைமேல் வைத்தார். தேநீர் வடித்த நிறம். "தோல் ஷாப்பை மூட உங்களால முடியாது, எனக்குத் தெரியும். இதைக் குடிக்கிற எழுபது வீட்டுக்கு லாரித் தண்ணி வுட முடியுமா, முடியாதா?" என்றார். அந்தக் கூட்டத்திலேயே லாரிக்குத் தீர்மானம் ஆனது. பாட்டில் வெகுநாள் என் பீரோவில் இருந்தது.

என்னால் நடந்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். 1999-இல் நடந்தது.

எங்கள் ஊரில் பிள்ளையார் கோயில் தெரு இரண்டு. ஒன்று ஒன்பதாவது வார்டில், பஜாரை ஒட்டி. இன்னொன்று பதினேழாவது வார்டில், ஊர்க்கோடியில், பீடி சுற்றும் குடும்பங்கள் இருக்கும் இடம். ஊர்க்கோடித் தெருக்காரர்கள் விளக்கு கேட்டு மனு கொடுத்திருந்தார்கள். மனுவில் தெருப் பெயர் இருந்தது, பத்துப் பதினைந்து கைரேகையும் கையெழுத்தும் இருந்தன. வார்டு எண் இல்லை. நான் யோசிக்காமல் 9 என்று போட்டேன். எனக்குத் தெரிந்த பிள்ளையார் கோயில் தெரு அதுதான். தினமும் அந்த வழியாகத்தான் ஆபீசுக்கு வருவேன். பொருள் மன்றத்துக்குப் போனது, "அனுமதிக்கப்பட்டது" ஆனது, வேலை உத்தரவு போனது, பஜார் பக்கத்தில் நான்கு டியூப் லைட் புதிதாக எரிந்தது.

ஒரு மாதம் கழித்து ஊர்க்கோடித் தெருவிலிருந்து ஒரு பெண் வந்தார். வலது கையில் மாவுக்கட்டு. சுற்றிய பீடியைக் கணக்குக் கொடுத்துவிட்டு இருட்டில் வரும்போது மூடாத கால்வாயில் விழுந்துவிட்டார். "லைட்டு சாங்ஷன் ஆயிடுச்சின்னு பேப்பர்ல போட்டிருந்தாங்களே சார், எப்ப வரும்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. பீடி சுற்றுகிறவருக்குக் கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதான். வலது கை இல்லாமல் அவர் ஆறு வாரம் என்ன சாப்பிட்டார் என்று நான் அன்றைக்குக் கேட்கவில்லை. பின்னால் பலமுறை நினைத்தேன்.

மேலாளரிடம் உண்மையைச் சொன்னேன். போட்ட விளக்கை மாற்றலாமா என்று பார்த்தோம். ஒன்பதாவது வார்டு கவுன்சிலர், "எரியற லைட்டைக் கழட்டினா நான் அந்தத் தெருவுல தலை காட்ட முடியாது சார்" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். அடுத்த நிதி ஒதுக்கி ஊர்க்கோடியில் விளக்கு எரிய எட்டு மாதம் ஆனது. தீர்மானப் புத்தகத்தில் எந்தப் பிழையும் தெரியாது. இரண்டு தீர்மானமும் ஒழுங்காக இருக்கின்றன.

அதற்குப் பிறகு எந்தப் பொருளையும் கதவு எண் அல்லது கம்பத்து எண் இல்லாமல் நான் ஏற்றியதில்லை. மனு கொடுப்பவர்கள் சலித்துக்கொள்வார்கள். செக்‌ஷனில் புதிதாக வரும் பையன்களும் சலித்துக்கொள்வார்கள்.

2011-இல் பதினேழாவது வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. ஜெயித்து வந்தவர் அதே தெருக்காரர், அவரும் பீடி சுற்றுபவர். முதல் இரண்டு கூட்டத்துக்கு அவர் கணவர் கூடவே வந்து வாசலில் நின்றார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக்கூட அவர்தான் காட்டினார். எங்கள் பக்கம் இது அப்போது சாதாரணம். மூன்றாவது கூட்டத்துக்கு முன்னால் அந்த அம்மா நேராக என் மேசைக்கு வந்து, "எங்க தெரு பேரை எழுதும்போது வார்டு நம்பரைப் பாத்து எழுதுங்க சார்" என்றார். தெருவில் அந்தக் கதை பன்னிரண்டு வருடமாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. "எழுதறேம்மா" என்றேன். வேறென்ன சொல்ல?

2012 நினைவிருக்கும். கரண்ட் பாதி நாள் இருக்காது. பாலாற்றுக் கிணறுகளில் மோட்டார் ஓடக் கரண்ட் கிடைப்பது ராத்திரியில்தான். ஓவர்ஹெட் டேங்க் நிரம்பவே நள்ளிரவு தாண்டிவிடும். வால்வு திறக்கும் ஊழியர் ஆளுயர இரும்புச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு சைக்கிளில் ஒவ்வொரு பகுதியாகப் போவார். கடைசிப் பகுதி பதினேழாவது வார்டு. அங்கே தண்ணீர் வரும்போது மணி இரண்டு, இரண்டரை.

அந்த வருடம் ஒரு கூட்டத்தில் அந்த அம்மா எழுந்தார். குரல் நடுங்கியது. பேப்பர் எதுவும் இல்லை. "ராத்திரி ரெண்டு மணிக்குத் தண்ணி வுடறாங்க. புடிச்சு முடிக்க நாலு மணி. அஞ்சு மணிக்கு இலை வெட்டணும். அப்புறம் பசங்களை ஸ்கூலுக்கு அனுப்பணும். எங்க வார்டு பொம்பளைங்க தூங்கி மூணு மாசம் ஆச்சு. தண்ணி கம்மியா வரட்டும், பரவால்ல. எப்பவும் நாங்களே ஏன் கடைசி? வாரத்துக்கு ஒரு பக்கம் கடைசியா வரட்டுமே."

கூட்டம் ஒரு நிமிடம் அமைதியானது. பிறகு சத்தம். முதலில் தண்ணீர் பெறும் வார்டுக்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அவர்களுக்கும் ஓட்டுப் போட்டவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் வெளிநடப்புச் செய்யப் போவதாகச் சொன்னார். வழக்கமாக வாதம் முற்றினால் சேர்மன் அடுத்த பொருளுக்குப் போகச் சொல்வார். அன்றைக்குச் சொல்லவில்லை. பொறியாளரைக் கூப்பிட்டு, முறை மாற்றி விட்டால் குழாயில் அழுத்தம் தாங்குமா என்று கேட்டார். தாங்கும் என்றார். முக்கால் மணி நேரம் பேசி, நான்கு பகுதிகளும் வாரம் ஒரு முறை மாறி மாறிக் கடைசியாக வருவது என்று முடிவானது. இரண்டு வருடம் அப்படித்தான் ஓடியது. அதில் சங்கடப்பட்டவர் வால்வுக்காரர் ஒருவர்தான். எந்த வாரம் எந்தப் பக்கம் என்று சைக்கிள் கூடையில் சீட்டு எழுதி வைத்துக்கொள்வார்.

இது தீர்மானமே அல்ல. அஜெண்டாவில் இல்லாத விஷயம், செலவும் இல்லை. "குடிநீர் விநியோகம் தொடர்பாக உறுப்பினர்கள் விவாதித்தனர்" என்று ஒரு வரி எழுதினேன். என் சர்வீஸில் நான் பார்த்த மிகச் சிறந்த கூட்டம் அது.

2016 அக்டோபரில் மன்றத்தின் காலம் முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை. அப்படியே ஐந்து வருடத்துக்கு மேல் போனது. மன்றத்துக்குப் பதில் ஆணையாளரே தனி அலுவலர். பொருளை ஆணையாளராக முன்வைப்பதும், தனி அலுவலராக அனுமதிப்பதும் ஒரே கை. அதே தீர்மானப் புத்தகத்தில் அதே நடையில்தான் நானும் எழுதினேன். வந்த அதிகாரிகளைக் குறை சொல்ல மாட்டேன். உழைத்தார்கள், கோப்புகள் வேகமாகவும் நகர்ந்தன. முப்பது பொருளுக்கு அரை மணியில் கையெழுத்து முடிந்துவிடும். எனக்கு அந்த வேகம்தான் பயமாக இருந்தது. 1999 போல நான் இன்னொரு முறை தப்பாக எழுதினால், "இது எந்தப் பிள்ளையார் கோயில் தெரு?" என்று கேட்க அந்த அறையில் யாரும் இல்லை. மன்றக் கூடம் பெரும்பாலும் பூட்டியே கிடந்தது. எப்போதாவது ஆதார் முகாம் போடுவார்கள்.

2021 நவம்பர் மழையில் இதன் அர்த்தம் புரிந்தது. மோர்தானா அணை நிரம்பி கவுண்டன்யா ஆற்றில் வந்த தண்ணீர் குடியாத்தத்தில் வீடுகளுக்குள் புகுந்தது. பேரணாம்பட்டில் வீட்டுச் சுவர் இடிந்து ஒன்பது பேர் இறந்துபோனார்கள். சின்ன வயதிலிருந்து மணலாகவே பார்த்த பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியது. எங்கள் ஆபீசில் வரி கேட்புப் பதிவேடு இருந்தது, கட்டடத்தின் சதுர அடி இருந்தது. எந்த வீட்டில் படுத்த படுக்கையாகக் கிழவி இருக்கிறார் என்பது எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

ராத்திரி ஒன்பது மணிக்கு அந்த அம்மா வந்தார். முழுக்க நனைந்திருந்தார். இடுப்பில் பாலித்தீன் கவரில் சுற்றிய நாற்பது பக்க நோட்டு. மண் சுவர் வீடு எத்தனை, பிள்ளைத்தாய்ச்சி யார் யார், நடக்க முடியாதவர் யார் யார், எல்லாம் பென்சிலில். பதவி போய் ஐந்து வருடம் ஆகியிருந்தது. "இத வெச்சிக்குனு ஆளுங்கள அனுப்புங்க சார், முன்னாடி ஆத்தோர வீடுங்க" என்றார். துப்புரவு ஊழியர்கள் அந்த நோட்டை வைத்துக்கொண்டுதான் பள்ளிக்கூடத்துக்கு ஆட்களைக் கூட்டி வந்தார்கள். எங்கள் ஊரில் யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை.

2022 பிப்ரவரியில் தேர்தல் வந்தது. மார்ச்சில் கூடத்தைத் திறந்து தூசி தட்டினோம். அந்த அம்மா நிற்கவில்லை. வார்டு எல்லையே மாறிப் போயிருந்தது. புதிதாக வந்தவர்களில் பாதிப் பேர் பெண்கள், நிறைய பேர் சின்ன வயது. கைகூப்பி ஓட்டுக் கேட்டு வந்தவர்களுக்கு ஆரம்பத்திலேயே வந்தது சொத்து வரி உயர்வு. 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேல் 100 சதவீதம். பாவமாக இருந்தது. 2008-க்குப் பிறகு பெரிய அளவில் வரியைத் தொடாமல் வைத்திருந்த பாரம் முழுவதும் அவர்கள் தலையில் விழுந்தது. மூன்று மாதம் அவர்களோடு இருந்துவிட்டு, மே மாதக் கடைசியில் ஓய்வு பெற்றேன்.

அந்த நவம்பர் 1, உள்ளாட்சி தினம். எங்கள் வார்டிலும் பகுதி சபை கூட்டினார்கள். பள்ளிக்கூட மைதானத்தில் நாற்காலி போட்டிருந்தது. முதல் தடவையாக மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தேன். ஒரு பெரியவர் தெருவிளக்கு எரியவில்லை என்றார். ஆபீசிலிருந்து வந்திருந்த பையன் நோட்டில் எழுதிக்கொண்டு அடுத்தவரைப் பார்த்தான். நான் கையைத் தூக்கி, "தம்பி, கம்பத்து எண் எழுதிட்டியாப்பா?" என்று கேட்டேன். அவனுக்கு என்னைத் தெரியாது. பெரியவருக்கும் எண் தெரியவில்லை. அவன் ஒரு நொடி யோசித்தான். பிறகு பேனாவைச் சட்டைப் பையில் சொருகி, செல்போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு, பெரியவரோடு தெருவுக்குள் நடந்து போனான்.