லிஸ்பனில் ஒரு நாள் நடை: கிலோமீட்டரை விட்டுவிட்டு மேட்டைக் கணக்குப் போட்டோம்

வெளிநாடு போனால் ஒரு நாளை எந்த நேரக் கட்டாயமும் இல்லாமல் நடப்பதற்கென்றே ஒதுக்குவது எங்கள் இருவருக்கும் பழகிவிட்டது. ஆனால் மற்ற ஊர்களில் போட்ட கிலோமீட்டர் கணக்கு லிஸ்பனில் எடுபடாது. வரைபடத்தில் ஒட்டினாற்போல் தெரியும் இரண்டு தெருக்களுக்கு நடுவே சில மாடி உயரம் நிற்கும். அதனால் இந்த முறை எங்கள் திட்டம் இவ்வளவுதான்: காலையில் சமதளம், ஏற்றத்துக்குக் கூடியவரை இயந்திரம், சாயங்காலம் முழுக்க இறக்கம்.

தேஜு ஆற்றங்கரையில் இருக்கும் பிராசா து கொமேர்சியு சதுக்கத்தில் ஆரம்பித்தோம். அங்கிருந்து வளைவுக்கடியில் புகுந்தால் பைஷா பகுதி. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போன்ற தெருக்கள். காரணம், 1755 நவம்பர் 1 அன்று வந்த நிலநடுக்கமும், பின்னாலேயே வந்த சுனாமியும் தீயும். பழைய நகரம் அழிந்த இடத்தில் அன்றைய அமைச்சர் பொம்பல் பிரபுவின் மேற்பார்வையில் புதிதாகக் கட்டினார்கள். சுவருக்குள்ளே மரச்சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கூண்டு மாதிரி கோத்திருக்கிறார்கள், ஆட்டம் வந்தால் தாங்குவதற்காக. மாதிரிக் கட்டடத்தைச் சுற்றிப் படைவீரர்களை நடக்கவிட்டு அதிர்வைச் சோதித்தார்கள் என்று ஒரு கதையும் சொல்கிறார்கள்.

செருப்பு விஷயம் ஒன்று. இந்த ஊர் நடைபாதை முழுக்கச் சிறுசிறு கற்களைக் கையால் பதித்தது. வெள்ளை சுண்ணாம்புக்கல், நடுநடுவே கறுப்புக்கல்லில் கோலம். ரோசியூ சதுக்கத்தில் அது அலை அலையாக ஓடுகிறது. தரை தட்டைதான், பார்த்துக்கொண்டே நடந்தால் கால் தடுமாறுகிறது. பல வருஷம் மிதிபட்ட இடங்களில் கல் வழுவழுவென்று மின்னுகிறது. சரிவில், அதுவும் லேசாக ஈரமாயிருந்தால், பிடிப்பில்லாத அடிப்பாகம் உள்ள செருப்பு ஆபத்து. ரப்பர் அடி ஷூவைத் தவிர வேறெதையும் சிபாரிசு செய்யமாட்டேன்.

ரோசியூ பக்கத்திலேயே சாவ் டொமிங்குஷ் தேவாலயம். ஐந்து நிமிஷம் எட்டிப் பார்க்கலாம் என்று நுழைந்தவர்கள் வெகுநேரம் உட்கார்ந்துவிட்டோம். 1959-ல் உள்ளே தீப்பிடித்திருக்கிறது. திரும்பக் கட்டியபோது வெடித்த தூண்களை மறைக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். கையெட்டும் உயரத்தில் கல் சில்லுசில்லாக உரிந்து நிற்கிறது. மொசைக்கும் தங்கப்பூச்சும் நிறைந்த தேவாலயங்கள் எதுவும் எனக்கு இந்த அளவு மனதில் ஒட்டவில்லை.

முதல் மேடு ஷியாடு. பைஷா-ஷியாடு மெட்ரோ நிலையத்துக்குக் கீழேயும் மேலேயுமாக வாசல்கள் உண்டு. டிக்கெட் எடுக்காமலே கீழ் வாசலில் நுழைந்து எஸ்கலேட்டரில் ஏறி மேல் வாசலில் வெளியே வந்துவிடலாம். "இதுக்குப் பேரு நடையா?" என்றார் இவர். "முழங்கால் உங்களோடதுதானே, நீங்களே சொல்லுங்க" என்றேன். அதற்குமேல் பேச்சில்லை. காபியைக் கவுன்டரில் நின்றுகொண்டே குடித்தோம். வெளியே நாற்காலியில் உட்கார்ந்தால் பல கடைகளில் விலை கூடும். பக்கத்தில் கார்மு மடாலயம். 1755-ல் கூரை விழுந்தது, திரும்பப் போடவேயில்லை. விலா எலும்பு மாதிரி வளைவுகள் மட்டும், மேலே வெறும் வானம். வாசலில் உள்ள சின்ன சதுக்கத்தில்தான் 1974 ஏப்ரல் 25 அன்று, சர்வாதிகார ஆட்சியைக் கவிழ்த்த ராணுவப் புரட்சியின்போது, கூட்டம் திரண்டு நிற்க, அங்கிருந்த படைமுகாமுக்குள் பதுங்கியிருந்த பிரதமர் கயெதானு பணிந்தார்.

எதிர் மேட்டுக்கு, அதாவது கோட்டைப் பக்கம் போக, மறுபடி பைஷாவுக்கு இறங்கினோம். ருவா துஷ் ஃபங்கெய்ருஷ் தெருவில் ஒரு சாதாரணக் கட்டடத்துக்குள் இலவச லிஃப்ட் இருக்கிறது. மேல் தெருவில் விடும். கொஞ்சம் நடந்தால் சூப்பர்மார்க்கெட் இருக்கும் கட்டடத்தில் இன்னொரு லிஃப்ட், அதுவும் இலவசம். 28-ஆம் எண் டிராமில் நசுங்கிக்கொண்டு வருவதற்கு இது எவ்வளவோ தேவலை.

சான்டா லுசியா தேவாலயத்தின் வெளிச்சுவரில் நீல டைல்ஸ் பதித்த சித்திரம் ஒன்று. காலையில் நாங்கள் நின்ற அதே ஆற்றங்கரைச் சதுக்கம், நிலநடுக்கத்துக்கு முன்னால் இருந்தபடி. அரண்மனை தண்ணீரை ஒட்டி நிற்கிறது. நாங்கள் நின்ற இடம் எது என்று விரலை வைத்துத் தேடினோம். இவர் ஒரு இடம் காட்டினார், நான் ஒரு இடம். கடைசிவரை ஒத்துப்போகவில்லை.

அங்கிருந்து அல்ஃபாமாவின் படிக்கட்டுகளில் இறக்கம்தான். நிலநடுக்கத்தில் பெரிதாகச் சேதமாகாத பகுதி என்பதால் சந்துகள் பழைய கோணல்மாணலாகவே இருக்கின்றன. வழி கேட்க வேண்டியதில்லை, இறக்கம் எந்தப் பக்கமோ ஆறு அந்தப் பக்கம்.

இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் கேட்காமலே ரொட்டியும் ஆலிவும் வந்தன. தொட்டால் பில்லில் ஏறும். வேண்டாம் என்றால் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இதை நான் இவரிடம் சொல்லி முடிப்பதற்குள் மூன்றாவது ஆலிவின் கொட்டை தட்டில் விழுந்தது.