காபி கணக்கில் சேருமா, சேராதா?

எங்கள் சாப்பாட்டு மேஜையில் இரண்டு தண்ணீர் பாட்டில்கள் இருக்கின்றன. நீல மூடி போட்டது என்னுடையது. ஒரு லிட்டர் பிடிக்கும். தினமும் மூன்று முறை நிரப்பிக் காலி செய்ய வேண்டும் என்பது எனக்கு இடப்பட்ட உத்தரவு. வெள்ளை மூடி போட்டது அப்பாவுடையது. ஒன்றரை லிட்டர். காலையில் ஒரு முறை நிரப்புவதோடு சரி, ராத்திரி படுக்கும்வரை அதற்கு மேல் ஒரு மடக்குகூடக் கிடையாது. எனக்குக் கிட்னியில் கல். அப்பாவுக்கு இதயம் பம்ப் செய்யும் வலு குறைந்து, கால் வீங்கி, உடம்பில் நீர் கோத்துக்கொண்டது. இரண்டு மாத இடைவெளியில் இரண்டு பேரும் ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தோம். அதிலிருந்து எங்கள் வீட்டில் தண்ணீர் குடிப்பது கணக்குப்பிள்ளை வேலையாகிவிட்டது.

அப்பாவின் கணக்கு முறை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரு நர்ஸ் சொல்லிக்கொடுத்தது. வேறு எதைக் குடித்தாலும் அதே அளவு தண்ணீரைப் பாட்டிலிலிருந்து எடுத்துக் கொட்டிவிட வேண்டும். 150 மில்லி காபி குடித்தால் 150 மில்லி தண்ணீர் பூந்தொட்டிக்குப் போகும். பால், சூப், ஐஸ்கிரீம், மாத்திரை விழுங்கும் தண்ணீர் எல்லாவற்றுக்கும் இதே சட்டம். நாக்கு வறண்டால் ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொள்ளலாம், ஆனால் அதையும் கழிக்க வேண்டும், உருகினால் தண்ணீர்தானே. பாட்டிலில் என்ன மிச்சமோ அதுதான் அன்றைய மிச்சம். நோட்டு, பேனா, செயலி எதுவும் வேண்டாம்.

என் உடம்பை விசாரிக்கப் போன் செய்த அத்தை ஒருநாள் சொன்னார்: "காபியையெல்லாம் கணக்குல சேர்க்காதே. அது உள்ளே இருக்கிற தண்ணியையும் வெளியே இழுத்துடும்." ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த அப்பா கேட்டார்: "ஏம்மா, ஒரே பாத்திரத்துல போட்ட காபி. எனக்கு மட்டும் தண்ணிக் கணக்குல சேருது, உனக்குச் சேராதா?"

நியாயமான கேள்வி. அச்சுப் பிழை திருத்துவது என் தொழில். ஒரே சொல் இரண்டு பக்கத்தில் இரண்டு விதமாக இருந்தால் எனக்குத் தூக்கம் வராது. தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

காஃபீன் சிறுநீரைக் கொஞ்சம் கூட்டும் என்பது உண்மைதான். பழக்கமே இல்லாதவர் ஒரே மூச்சில் நிறையக் குடித்தால் தெரியும். ஆனால் தினமும் குடிப்பவர்களுக்கு உடம்பு பழகிவிடுகிறது. அப்படியே கொஞ்சம் கூடினாலும் குடித்த காபியில் இருக்கும் தண்ணீர் அதைவிட அதிகம். 2014-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வழக்கமாகக் காபி குடிக்கும் 50 ஆண்களுக்கு மூன்று நாள் தினமும் நான்கு கோப்பை காபி, இன்னொரு மூன்று நாள் அதே அளவு தண்ணீர் கொடுத்துப் பார்த்தார்கள். உடம்பில் இருந்த மொத்த நீர், 24 மணி நேரச் சிறுநீர், இரத்தப் பரிசோதனை, எதிலும் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை.

2016-இல் இன்னொரு ஆய்வு. 72 ஆண்கள், 13 பானங்கள். (இதிலும் ஆண்கள்தான். பெண்களைக் கூப்பிட்டால் வரமாட்டோம் என்று யார் சொன்னார்களோ.) அரை மணி நேரத்தில் ஒரு லிட்டர் குடிக்கவைத்து, அடுத்த நான்கு மணி நேரம் எவ்வளவு வெளியேறுகிறது என்று அளந்தார்கள். காபி, டீ, கோலா, சோடா, விளையாட்டு வீரர்கள் குடிக்கும் பானம், ஏன் பீர்கூட, சாதாரணத் தண்ணீரோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசமில்லை. தண்ணீரைவிட அதிக நேரம் உடம்பில் தங்கியவை பாலும் ஓஆர்எஸ் கரைசலும். பாலில் கொழுப்பு, புரதம், சர்க்கரை இருப்பதால் வயிற்றிலிருந்து மெதுவாக இறங்குகிறது; அதிலுள்ள சோடியமும் பொட்டாசியமும் நீரைப் பிடித்துவைக்கின்றன. ஓஆர்எஸ்ஸில் உப்பும் குளுக்கோஸும் ஜோடியாகக் குடல் சுவருக்குள் நுழையும்போது தண்ணீரையும் கூட்டிக்கொண்டு போகின்றன. வயிற்றுப்போக்குக்கு வெறும் தண்ணீர் போதாமல் அது வேலை செய்வது இதனால்தான்.

அதற்காக பீரைத் தண்ணீர்க் கணக்கில் எழுதிவிட வேண்டாம். சிறுநீரைக் குறைத்து நீரை உடம்பிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லும் வாசோப்ரெசின் என்ற ஹார்மோனை மது தடுக்கிறது. பீரில் நீர் அதிகம், ஆல்கஹால் குறைவு என்பதால் அந்தச் சோதனையில் தப்பித்தது. காரமான சரக்குக்கு அந்தச் சலுகை கிடையாது. இனிப்புச் சோடாவும் நீர்க் கணக்கில் சேரும், சரி. ஆனால் 330 மில்லி கோலாவில் 35 கிராம் சர்க்கரை இருக்கிறது. தண்ணீர்க் கணக்கை நேர் செய்யப் போய்ச் சர்க்கரைக் கணக்கில் கடன் வாங்குவானேன்.

எனக்கு ஆறுதலான விஷயம் வேறொன்றில் கிடைத்தது. 1,94,000 பேருக்கு மேல், எட்டு ஆண்டுகளுக்கும் அதிகமாகக் கவனித்து 2013-இல் வெளியிட்டார்கள். காபி, டீ, ஆரஞ்சுச் சாறு குடிப்பவர்களுக்குச் சிறுநீரகக் கல் வருவது குறைவாகவும், சர்க்கரை போட்ட கோலா குடிப்பவர்களுக்கு அதிகமாகவும் இருந்தது. இப்படிப் பழக்கங்களைக் கேட்டு எழுதும் ஆய்வுகள் காரணத்தை நிரூபிக்காது, எனக்கும் தெரியும். இருந்தாலும் அத்தைக்கு உடனே போன் செய்தேன்.

அப்புறம், தினமும் எட்டு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்லும் அந்த விதி. யாருடைய டம்ளர் என்பதே எனக்கு முதல் சந்தேகம். என் வீட்டு டம்ளர்களை அளந்தேன்: 180, 250, 320 மில்லி. எட்டால் பெருக்கினால் சிறியதற்கும் பெரியதற்கும் ஒரு லிட்டருக்கு மேல் இடிக்கிறது. இந்த விதியின் வேர் என்று பலரும் காட்டுவது 1945-இல் அமெரிக்க உணவு, ஊட்டச்சத்து வாரியம் வெளியிட்ட பரிந்துரையை. பெரியவர்களுக்குத் தினமும் இரண்டரை லிட்டர் நீர் என்று அது சொன்னது. அதில் பெரும்பகுதி சமைத்த உணவிலேயே இருக்கிறது என்றும் அடுத்தே எழுதியிருந்தது. அந்த வரிதான் வழியில் எங்கோ விழுந்துவிட்டது. ஒரு வரி விட்டுப்போனால் என்ன ஆகும் என்பது பிழை திருத்துபவளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2002-இல் ஹைன்ஸ் வால்டின் என்ற சிறுநீரக ஆய்வாளர் இந்த எட்டு டம்ளருக்கு அறிவியல் ஆதாரம் தேடிப் பார்த்து, அப்படி எதுவும் கிடைக்கவில்லை என்று எழுதினார்.

உணவில் உள்ள நீரை நாம் குறைத்தே மதிப்பிடுகிறோம். வெள்ளரிக்காயில் 95 சதவீதம் தண்ணீர். தர்பூசணியில் 91. ஆப்பிளில் 86. வடித்த சோற்றில்கூட மூன்றில் இரண்டு பங்கு. ரொட்டியிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்.

இப்போது சொல்லப்படும் அளவுகளும் எல்லாவற்றையும் சேர்த்துத்தான். அமெரிக்கக் குழு 2004-இல் பெண்களுக்கு 2.7 லிட்டர், ஆண்களுக்கு 3.7 லிட்டர் என்றது. இதில் ஐந்தில் ஒரு பங்கு உணவிலிருந்தே வந்துவிடும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2010-இல் பெண்களுக்கு 2, ஆண்களுக்கு 2.5 என்றது, பாலூட்டும் தாய்க்கு மேலும் 700 மில்லி. இரண்டுக்கும் நடுவே இவ்வளவு இடைவெளி ஏன்? அமெரிக்க அளவு பெரும்பாலும், ஆரோக்கியமாக இருந்தவர்கள் சராசரியாக எவ்வளவு நீர் எடுத்துக்கொண்டார்கள் என்ற கணக்கிலிருந்து வந்தது. குறைந்தால் ஆபத்து என்ற எல்லைக்கோடு அல்ல. 2022-இல் 23 நாடுகளைச் சேர்ந்த 5,604 பேரின் உடம்பில் ஒரு நாளைக்கு எவ்வளவு நீர் புழங்குகிறது என்று அளந்தபோது, ஒரு லிட்டரிலிருந்து ஆறு லிட்டர்வரை வந்தது. சிலருக்குப் பத்து. வெயில், உழைப்பு, உடல்வாகு எல்லாம் சேர்ந்து ஆளுக்கு ஆள் மாற்றுகின்றன. இதற்கு ஒரே எண்ணை எப்படிச் சொல்வது?

என் மருத்துவரும் சொல்லவில்லை. முதல் சந்திப்பிலேயே "எவ்வளவு குடிக்கணும்?" என்று கேட்டேன். "அது எனக்கு வேண்டாம். எவ்வளவு வெளியே வருதுன்னு பார்த்துச் சொல்லுங்க" என்று ஒரு பிளாஸ்டிக் கேனைக் கொடுத்தார். காலையில் முதல் சிறுநீரை விட்டுவிட்டு, அதற்குப் பிறகு மறுநாள் காலை முதல் சிறுநீர்வரை அத்தனையையும் அதில் சேர்க்க வேண்டும். 24 மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை வாசலைத் தாண்டாமல் செய்து முடித்தேன். வந்தது 1.1 லிட்டர். வேலையில் உட்கார்ந்தால் நான்கு மணி நேரம் தண்ணீர் நினைப்பே வராத ஆள் நான்; ஆச்சரியமில்லை.

உடம்புக்கு இது பற்றாக்குறையே இல்லை. கழிவைக் கரைத்து வெளியேற்ற அரை லிட்டர் சிறுநீர்கூடச் சிறுநீரகத்துக்குப் போதும். அவ்வளவு கெட்டியாக்கும் திறமை அதற்கு உண்டு. ஆனால் அந்தக் கெட்டியான நீரில்தான் உப்புகள் படிகமாகிக் கல்லாகின்றன. எனக்கு இலக்கு ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர். முதல் முறை கல் வந்தவர்களை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்த ஓர் இத்தாலிய ஆய்வில், நிறைய நீர் குடித்தவர்களில் 12 சதவீதம் பேருக்கும், மற்றவர்களில் 27 சதவீதம் பேருக்கும் கல் திரும்ப வந்தது. அந்த வலியை ஒருமுறை பட்டவருக்கு இந்த வித்தியாசம் போதும். மூச்சிலும் தோலிலும் கண்ணுக்குத் தெரியாமல் போவதையும், சாப்பாட்டில் வருவதையும் கூட்டிக் கழித்து, மூன்று லிட்டர் என்பது நானும் என் மருத்துவரும் போட்ட உத்தேசம். அதில் என் இரண்டு காபியும் சேர்த்தி.

முதல் வாரம் முட்டாள்தனம் செய்தேன். பகலெல்லாம் மறந்துவிட்டு, ராத்திரி எட்டு மணிக்குமேல் ஒன்றரை லிட்டரைக் குடித்தேன். விடிவதற்குள் நான்கு முறை எழுந்தேன். நல்லவேளை, தொல்லை அத்தோடு போனது. ஒரு மணி நேரத்தில் சிறுநீரகம் வெளியேற்றக்கூடியது ஏறக்குறைய ஒரு லிட்டர்வரைதான். அதற்குமேல் மணிக்கணக்கில் குடித்துக்கொண்டே போனால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய், தலைவலி, வாந்தி, வலிப்புவரை போகலாம். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்த 488 பேரைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. தாகத்துக்கு மேல் குடித்து, ஓட்டத்திலேயே எடை கூடியவர்களிடம்தான் அது அதிகம்.

இப்போது அளவுக் கேன் இல்லாத நாட்களில் நிறத்தைப் பார்க்கிறேன். வைக்கோல் நிறத்துக்கும் வெளிறியிருந்தால் சரி, தேன் நிறம் என்றால் பாட்டிலைத் தூக்கு. பி வைட்டமின் மாத்திரை போட்டால் பளீரென்று மஞ்சளாகவும், பீட்ரூட் சாப்பிட்டால் சிவப்பாகவும் வந்து பயமுறுத்தும். அதைக் கணக்கில் எடுக்கக் கூடாது. அப்பாவுக்கு இந்த வழியும் உதவாது. நீர் பிரிய மாத்திரை சாப்பிடுவதால் அவருக்கு எப்போதும் வெளிறித்தான் போகும். அவருக்குத் தராசுதான். தினமும் காலையில் எடை, மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் டாக்டருக்குப் போன்.

அவருடைய ஒன்றரை லிட்டரும் கல்வெட்டு இல்லை. 2025-இல் நெதர்லாந்தில், நிலையாக இருக்கும் இதய நோயாளிகள் 504 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்ததில், ஒன்றரை லிட்டர் கட்டுப்பாடு இருந்தவர்கள் மற்றவர்களைவிட நன்றாக இல்லை. தாகத்தில்தான் கூடுதலாகத் தவித்தார்கள். இதை அச்செடுத்துக் கொண்டுபோய் அப்பாவின் மருத்துவரிடம் காட்டினேன். படித்துவிட்டு, "இவங்க எல்லாம் நிலையா இருக்கிறவங்க. உங்க அப்பா இப்பத்தான் வீக்கம் வடிஞ்சு வீட்டுக்குப் போயிருக்கார். மூணு மாசம் எடை ஏறாம இருக்கட்டும், பேசலாம்" என்றார். அதுவரை உப்பைக் குறைத்தால் தாகமும் குறையும் என்றார். அப்பாவுக்கு அந்த இரண்டாவது யோசனை பிடிக்கவில்லை.

நேற்று சாயங்காலம் காபி குடித்து முடித்தவர், வழக்கம்போல் 150 மில்லியை அளந்து எடுத்தார். பூந்தொட்டிப் பக்கம் போகவில்லை. பாதி காலியாக இருந்த என் பாட்டிலின் நீல மூடியைத் திறந்து அதில் ஊற்றினார்.

"செடிக்கு எதுக்கு? உனக்குத்தானே குறையுது" என்றார். "உன் கணக்குல எழுதிக்கோ."