விற்காத விதை

அரிசி தீர்ந்தால் எங்கள் அப்பாயி பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்குவாரே தவிர, பத்தாயத்தில் இருக்கும் விதைநெல்லைத் தொடவே மாட்டார். வறட்டுப் பிடிவாதம் என்று அப்பா திட்டுவார்.

அதே பிடிவாதம் ஒருவரின் முழு வாழ்க்கையாகவே ஆனதைத் திருத்துறைப்பூண்டியில் பார்த்தோம். 2018 டிசம்பரில் மறைந்த நெல் ஜெயராமன் 170க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடி மீட்டவர். அவர் நடத்திய நெல் திருவிழாவில் விதையை விற்கவில்லை. இரண்டு கிலோ கொண்டுபோ, அடுத்த வருஷம் நான்கு கிலோவாகத் திருப்பிக் கொடு, அவ்வளவுதான். காசு வாங்கியிருந்தால் கணக்கு அன்றோடு முடிந்திருக்கும். இதில் வாங்கியவர் விதைத்தே ஆகவேண்டும். (கெட்டிக்காரத்தனம்!)

எங்கள் வயலில் இப்போது மாப்பிள்ளைச் சம்பா என்ற பாரம்பரிய நெல். ஆள் உயரம் வளரும், காற்றடித்தால் சாயும், விளைச்சலும் குறைவு. வீட்டில் எல்லாருக்கும் இது தெரியும். ஆனாலும் சம்பா பட்டத்துக்கு வேறு ரகம் போடலாம் என்று யாரும் வாயைத் திறப்பதில்லை.