ஆள் அண்டாத பூனையை இடம் மாற்றுதல்: நாட்குறிப்பு

மார்ச் 2
பொறியில் சிக்கி மூன்றாம் நாள். பெட்டை, வயது இரண்டு இருக்கலாம். பின்மூலையில் ஒட்டிக் கிடக்கிறது, கத்துவதே இல்லை. அறையில் ஆள் இல்லாத இரவில் மட்டும் சாப்பிடுகிறது. வழிதவறிய வீட்டுப்பூனையும் முதல் நாள் இப்படித்தான் மிரளும் என்பதால் பிடித்த அன்றே முடிவு கட்டக்கூடாது. ஆனால் அது பெரும்பாலும் ஓரிரு நாளில் குரல் கொடுக்கும், முன்பக்கம் வந்து நிற்கும். இது வரவில்லை. எட்டு வாரத்துக்குள் கிடைத்த குட்டியென்றால் மடியில் பழக்கலாம். இந்த வயதில் அந்த ஆசையை விட்டுவிட வேண்டும்.

பழைய கட்டடம் இடிபடுவதால்தான் இடமாற்றம். இடம் பத்திரமாக இருந்தால் கருத்தடை செய்து பிடித்த இடத்திலேயே விடுவதுதான் சரி.

மார்ச் 4
கருத்தடை. விழித்தபின் யாரும் கிட்டே போக முடியாது. அதனால் மயக்கத்திலேயே வெறிநோய்த் தடுப்பூசி, பேன்லுகோபீனியா என்ற, பூனைகளைக் கொல்லும் வைரஸ் நோயையும் சேர்த்துத் தடுக்கும் முக்கூட்டு ஊசி, குடற்புழு மருந்து, ரத்தப் பரிசோதனை எல்லாம் முடிந்தது. தையல் தானாகக் கரையும் நூலில். அடையாளத்துக்கு ஒரு காதின் நுனி வெட்டப்பட்டது. தெள்ளுப்பூச்சி மருந்தில் மட்டும் கவனம்: நாய்க்கான சில சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கும். பூனைக்கு அது விஷம்.

மார்ச் 9
பூனைக்கு இடம் தருவதாக இருவர் வந்தார்கள். ஒருவர், "எலி நிறைய இருக்கு, சாப்பாடே வைக்க வேண்டாம்" என்றார். வேண்டாம் என்று சொல்லியாயிற்று. பசித்த பூனை எலிக்காகக் காத்திருக்காது, வேறிடம் தேடிப் போய்விடும். மற்றவரிடம் பூட்டக்கூடிய கிடங்கு இருக்கிறது, சாலை தள்ளி இருக்கிறது, அவர் ஊரில் இல்லாதபோது சாப்பாடு வைக்க இன்னொருவரும் உண்டு. பூனையைத் தொட வேண்டும் என்ற ஆசையும் அவருக்கு இல்லை. அதுதான் முக்கியம்.

மார்ச் 12
மாற்றியாயிற்று. எடுத்துச் செல்லும் கூண்டின் கதவில் கொக்கி போதாது என்று இரண்டு பிளாஸ்டிக் பட்டை கட்டி, துணியால் முழுக்க மூடி, வண்டிக் கண்ணாடியை ஏற்றிவிட்டுத்தான் கிளம்பியது. தடித்த கையுறை போட்டாலும் பல் இறங்கும். கடித்தால் 15 நிமிடம் சோப்பும் ஓடும் நீருமாகக் கழுவி, அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கிடங்கில் பெரிய நாய்க்கூண்டு, நீளம் மூன்றரை அடி. ஒரு கோடியில் ஒளிந்துகொள்ள அட்டைப்பெட்டி, மறுகோடியில் மலம் கழிக்க மணல் தட்டு. தட்டில் முதல் வாரம் தோட்டத்து மண்ணைக் கலந்தால் பூனைக்கு உடனே புரியும். சிமெண்டுத் தரை குளிரும். கூண்டுக்கு அடியில் பலகை. முக்கால் பாகம் துணி மூடியிருக்கிறது.

மார்ச் 14
நேற்று சாப்பாட்டைத் தொடவில்லை. முதல் நாள் அப்படித்தான். ஆனால் பட்டினி இரண்டு நாளைத் தாண்டினால் பூனைக்கு ஈரலில் கொழுப்பு சேரத் தொடங்கலாம், அது உயிருக்கே ஆபத்து. மீனை லேசாகச் சூடாக்கி வைத்ததில் வாசனைக்கு மசிந்துவிட்டது. காலையில் தட்டு காலி.

மார்ச் 17
இரவெல்லாம் கம்பியில் மோதி மூக்கில் சிராய்ப்பு. "பாவம், திறந்துவிடலாமா?" என்று கிடங்குக்காரர் கேட்கிறார். பல இடமாற்றங்கள் கெட்டுப்போவது இந்த வாரத்தில், இந்தப் பாவத்தால்தான். இன்னும் இந்த இடத்தின் வாசனையும் சத்தமும் அதற்குப் பழகவில்லை. இப்போது திறந்தால் பழைய இடத்தை நோக்கி ஓடும், நடுவில் சாலை. துணியை இன்னும் கொஞ்சம் இறக்கினோம், மோதல் குறைந்தது.

தினமும் ஒரே நேரம், ஒரே ஆள். சாப்பாடு வைப்பதற்கு முன் கரண்டியால் தட்டின் மேல் மூன்று முறை தட்டுவது. பின்னால் வெளியே இருந்து அழைக்கப்போவது இந்த ஓசைதான்.

மார்ச் 27
கரண்டிச் சத்தத்துக்குப் பெட்டியிலிருந்து தலை நீள்கிறது. சீறல் உண்டு, மோதல் இல்லை.

ஏப்ரல் 3
22 நாள் ஆயிற்று. மழையில்லாத மாலை; காலையில் பாதி உணவுதான். கதவைத் திறந்து கட்டிவிட்டு எல்லோரும் வெளியேறினோம். நின்று வேடிக்கை பார்த்தால் வராது, விரட்டினால் திரும்பாது. கூண்டு, பெட்டி, அழுக்குத் துணி எல்லாம் அப்படியே இருக்கட்டும். அந்த வாசனைதான் அதற்கு வீடு.

ஏப்ரல் 5
பூனையைக் காணோம், தட்டு மட்டும் காலியாகிறது. தின்றது இதுவா, வேறு கடுவனா? தட்டைச் சுற்றி மாவு தூவியிருக்கிறது.

ஏப்ரல் 6
சின்னப் பாதத் தடம், ஒரே அளவு. பெரும்பாலும் இதுதான்.

ஏப்ரல் 11
மூன்று தட்டு ஓசைக்கு மரக்குவியலின் மேல் வெட்டுக்காது தெரிந்தது. பத்தடி தூரம், ஆள் நகர்ந்த பிறகே இறங்கியது. கூண்டை இன்னும் ஒரு வாரம் எடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. எடுக்கும்போதும் பெட்டி அங்கேயே இருக்க வேண்டும், துணியைத் துவைக்காமல்.