போன் பாக்கெட்டில் இருக்கட்டும், மேப் ஹேண்டில்பாரில் இருக்கட்டும்

வாட்டர் பியூரிஃபயர் சர்வீஸ் என் வேலை. காலையில் தக்கலையில் கிளம்பினால் ஒரு நாள் அருமனை, களியல், இன்னொரு நாள் கருங்கல், குளச்சல், வேறொரு நாள் நாகர்கோவில் தாண்டி ஆரல்வாய்மொழி என்று எப்படியும் 80 கிலோமீட்டருக்குக் குறையாமல் வண்டி ஓடும். வாடிக்கையாளர்கள் வாட்ஸ்அப்பில் லொகேஷன் அனுப்புவார்கள், கூடவே "குருசடி தாண்டி இடப்பக்கம் ஒரு இறக்கம், இறங்கினா சானல்கரை, அதுல மூணாவது வீடு" என்று வாய்ஸ் மெசேஜும் வரும். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் எந்தப் பக்கம் போனாலும் ஊர்ப் பெயர் ஏதாவது ஒரு 'விளை', ஏதாவது ஒரு 'கோடு' என்றுதான் முடியும். வழி கேட்டுக்கொண்டே போனால் ஒரு நாளைக்கு நாலு வீடுகூடப் பார்க்க முடியாது. மேப் எனக்கு ஸ்பேனர் மாதிரி, அது இல்லாமல் வேலை இல்லை.

மூன்று வருஷம் போனையே ஹேண்டில்பார் ஹோல்டரில் மாட்டித்தான் ஓட்டினேன். வண்டி 350 சிசி, ஒற்றை சிலிண்டர், 60 தாண்டினால் ஹேண்டில்பாரில் நடுக்கம் தெரியும். ஒரு நாள் திருவட்டாறில் ஒரு வீட்டில் பழைய மெம்பரேனைக் கழற்றுவதற்கு முன் அதன் ஸ்டிக்கரைப் படம் எடுக்கப் போனால், எழுத்தெல்லாம் திரையில் அலையடித்துக்கொண்டு கிடந்தது. கையை எவ்வளவு அசையாமல் பிடித்தாலும் நிற்கவில்லை. காதருகே வைத்துக் கேட்டால் கேமராவுக்குள்ளே ஈ ஒன்று மாட்டிக்கொண்டது போல ஒரு சத்தம். அப்போதுதான் தேடிப் படித்தேன். கேமராவில் கை நடுக்கத்தைச் சமாளிக்க லென்ஸை லேசாக அசைக்கிற ஒரு அமைப்பு இருக்கிறது, பெரிய இன்ஜின் பைக்கின் அதிர்வு ஹேண்டில்பார் வழியாக நேராக ஏறினால் அது நாளடைவில் கெட்டுப்போகலாம் என்று ஆப்பிள் நிறுவனம் 2021 செப்டம்பரிலேயே எச்சரித்திருக்கிறது. என்னுடையது ஆண்ட்ராய்டுதான், ஆனாலும் அதே மாதிரி அமைப்பு அதற்குள்ளும் இருந்தது. கேமரா மாற்ற ஆன செலவைவிட, இரண்டு நாள் போன் கடையில் கிடந்ததுதான் எனக்கு நஷ்டம்.

சரி, போன் இனி பாக்கெட்டில், ஹேண்டில்பாரில் தனியாக ஒரு திரை என்று முடிவு செய்தேன். வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் எத்தனை இஞ்ச், என்ன விலை என்றுதான் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் வாங்கி ஏமாந்தேன், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் வாங்கியது ஆன்லைனில் ஐந்தாயிரத்துச் சொச்சத்துக்கு வந்த ஒரு பெட்டி. விளம்பரத்தில் "போன் மிரரிங்" என்று பெரிதாகப் போட்டிருந்தது, நான் அதற்கு மேல் யோசிக்கவில்லை. மிரரிங் என்றால் போன் திரையில் என்ன தெரிகிறதோ அதை அப்படியே அந்தத் திரையில் காட்டுவது. அப்படியென்றால் போனின் திரை எப்போதும் எரிந்துகொண்டே இருக்க வேண்டும்! பாக்கெட்டுக்குள் திரை எரிய, துணி பட்டு ஏதாவது அழுந்தி, மேப் மூடி வேறு ஏதோ திறந்து, அழைப்பு வந்தால் திரை முழுக்க அழைப்பு. மார்த்தாண்டம் மேம்பாலத்தில் ஏறுவதா கீழே போவதா என்று முடிவெடுக்க வேண்டிய நேரத்தில் திரையில் யாரோ ஒருவருடைய குட் மார்னிங் பூ படம் நின்றது. மதியத்துக்குள் போன் சூடாகி, பேட்டரி பாதி காலி.

கூகுளின் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் ஐபோனுக்கான ஆப்பிள் கார்ப்ளேயும் வேறு வகை. அதில் போன் தன் திரையைக் காப்பி எடுப்பதில்லை, வண்டித் திரைக்கென்று தனியாக ஒரு படம் தயாரித்து அனுப்புகிறது. போன் திரையை அணைத்து, பூட்டி, ரெயின்கோட்டுக்குள் போட்டுக்கொண்டு போகலாம். முதலில் ப்ளூடூத்தில் கைகுலுக்கிக்கொண்டு, பிறகு படத்தை வைஃபையில் அனுப்பும். ஆண்ட்ராய்டு ஆட்டோ வயர் இல்லாமல் வேலை செய்ய ஆண்ட்ராய்டு 11 அல்லது அதற்கு மேல் உள்ள, 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை இருக்கிற போன் இருந்தால் பொதுவாகப் போதும். கடையில் கேட்கும்போது "மிரரிங் உண்டா" என்று கேட்காதீர்கள், எல்லோரும் உண்டு என்றுதான் சொல்வார்கள். "போன் திரையை ஆஃப் செய்தாலும் மேப் ஓடுமா" என்று கேட்டு, அங்கேயே உங்கள் போனை இணைத்து, பூட்டிப் பாருங்கள்.

அந்தப் பெட்டிக்கு அடுத்த சோதனை ஜூன் மழை. நமக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு, சென்னைக்காரர்களைப் போல ஐப்பசி வரைக்கும் காத்திருக்க வேண்டாம். குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை போகிற வழியில் ரப்பர் தோட்டத்துக்குள் பிடித்த மழை ஒரு மணி நேரம் விடவில்லை. மறுநாள் காலை பார்த்தால் கண்ணாடிக்கு உள்ளே, வலது மேல் மூலையில் ஒரு ரூபாய் அளவுக்கு மூச்சுவிட்டது போல ஆவி. வெயில் ஏற ஏற அது பரவி, சாயங்காலம் பாதித் திரையை மூடிவிட்டது. கழற்றிப் பார்த்தேன். வயர் உள்ளே போகிற துளையில் ஒரு ரப்பர் வாஷர்கூட இல்லை, வெறும் பசை. ஒரு ஃபில்டர் ஹவுசிங்கில் ஓ-ரிங் இல்லாமல் மூடினால் என்ன ஆகும் என்று தினமும் பார்க்கிறவன் நான், வாங்கும்போது இதைப் பார்த்திருக்க வேண்டும்.

ஐபி எண்ணைப் பற்றி, அதாவது தூசும் தண்ணீரும் உள்ளே புகாமல் ஒரு பொருள் எவ்வளவு தாங்கும் என்று காட்டுகிற எண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இதில் நிறையப் பேருக்குக் குழப்பம். ஐபி 67 என்றால் 6 தூசுக்கு, 7 தண்ணீருக்கு. அந்த 7 என்பது ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே இறங்காது என்கிற சோதனை. ஆனால் அசையாத தண்ணீரில் மூழ்குவது வேறு, பீய்ச்சி அடிக்கிற தண்ணீர் வேறு. பீய்ச்சலுக்கு 5, 6 என்று தனிச் சோதனை, பக்கத்தில் வைத்து உயர் அழுத்தத்தில் அடிப்பதற்கு 9. வெறும் 67 என்று போட்டிருக்கும் பொருள் பீய்ச்சலையும் தாங்கும் என்று அர்த்தம் இல்லை. மழையில் ஒன்றும் ஆகாத திரை, வாட்டர் சர்வீஸ் கடையில் துப்பாக்கி மாதிரி பிடித்து அடிக்கும்போது போய்விடலாம். கழற்றி மாட்டுகிற மாதிரியான மவுண்ட் உள்ளதாக வாங்குங்கள், கழுவக் கொடுக்கும் முன் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். வெளியே வண்டியை நிறுத்தும்போதும் அது உதவும்.

இரண்டாவது வாங்கியது ஏறக்குறைய இரண்டரை மடங்கு விலை, 5 இஞ்ச். 7 இஞ்சும் பார்த்தேன், என் வண்டியில் மாட்டினால் ஸ்பீடோமீட்டர் மறைகிறது. திரையின் வெளிச்சம் 1000 நிட்ஸ் (நிட்ஸ் என்பது திரை வெளிச்சத்தை அளக்கிற அலகு). இந்த எண்ணைப் போடாமல் "சன்லைட் ரீடபிள்" என்று மட்டும் எழுதியிருந்தால் எனக்கு நம்பிக்கை வராது. வெளிச்சம் எவ்வளவு முக்கியமோ அந்த அளவுக்கு அது தானாகக் கூடிக் குறைவதும் முக்கியம். குளச்சல் கடற்கரை ரோட்டில் உச்சி வெயிலில் முழு வெளிச்சமும் வேண்டும், களியல் பக்கம் ரப்பர் மரத்தடியில் நுழைந்த உடனே அதே வெளிச்சம் கண்ணில் குத்தும். ஜனவரி, பிப்ரவரியில் ரப்பர் இலை உதிர்ந்தால் அதே ரோடு மொட்டை வெயில். ஓட்டிக்கொண்டே விரலால் கூட்டிக் குறைக்க முடியுமா? சென்சார் உள்ளதாகப் பாருங்கள். இன்னொன்று, போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போடுகிறவர்கள் அதைப் போட்டுக்கொண்டே கடையில் திரையைப் பாருங்கள், சில திரைகள் அந்தக் கண்ணாடி வழியாகக் கறுப்பாகத்தான் தெரியும்.

வயரிங்கை நானே செய்யலாம் என்றிருந்தேன். நல்லவேளை, மார்த்தாண்டத்தில் எனக்குத் தெரிந்த எலெக்ட்ரீஷியன் அண்ணனிடம் போனேன். அவர் வயரைக் கையில் எடுத்ததுமே, "மக்கா, இத நேரா பேட்டரியில குடுத்தா நீ ரெண்டு நாள் லீவு போட்டா வண்டி செல்ஃப் எடுக்காது" என்றார். வயர் மூன்று: பேட்டரி பாசிட்டிவ், நெகட்டிவ், சாவி போட்டால் மட்டும் கரண்ட் வருகிற லைன். வயர் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அது கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது, கூட வருகிற தாளைப் பாருங்கள். அண்ணன் தனியாக ஒரு ஃபியூஸும் போட்டு, ஹேண்டில் முழுக்கத் திரும்பும்போது வயர் இழுக்காத அளவுக்குக் கொஞ்சம் தளர்வு விட்டுக் கட்டினார். அந்தத் தளர்வு விடாததால் வயர் அறுந்து வந்த வண்டிகள்தான் தன்னிடம் அதிகம் வருகின்றன என்றார்.

"ஹெல்மெட்டில் ப்ளூடூத் ஸ்பீக்கர் இருந்தால் போதாதா, திரை எதற்கு" என்று தம்பி கேட்டான். ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடிக்காற்றில் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். முப்பந்தல் காற்றாலைப் பக்கம் வண்டியே ஒரு முழம் தள்ளிப்போகும், காதில் "டர்ன் லெஃப்ட்" என்பது எங்கே கேட்கும்? மற்ற இடங்களில் குரல்தான் எனக்கும் முதல் துணை, திரையை அரை நொடிக்கு மேல் பார்ப்பதில்லை. ஓட்டும்போது கையடக்கச் சாதனத்தை வழி பார்க்க மட்டும், அதுவும் கவனம் சிதறாமல், பயன்படுத்தலாம் என்று 2020 அக்டோபரிலிருந்து விதியே இருக்கிறது. பெட்டியில் வீடியோ ஓடும் என்று யாராவது பெருமையாகக் காட்டினால் அந்த வசதியைத் தொடவே தொடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

பேச்சிப்பாறை, கோதையாறு பக்கம் சிக்னல் போகும். மாவட்டம் முழுக்க ஆஃப்லைன் மேப்பாக போனில் இறக்கி வைத்திருக்கிறேன், திரைக்கும் அதுவே வருகிறது.

இந்தச் சிவராத்திரிக்கு அப்பாவைப் பின்னால் உட்காரவைத்துச் சிவாலயங்கள் பன்னிரண்டும் போகலாம் என்றிருக்கிறேன். அவர் இளவயதில் சிவாலய ஓட்டத்தில், இந்தப் பன்னிரண்டு கோயிலுக்கும் கையில் விசிறியோடு "கோவிந்தா, கோபாலா" சொல்லி ஓடியவர், இப்போது முழங்கால் விடாது. நேற்று ராத்திரி உட்கார்ந்து மேப்பில் வழி போட்டுப் பார்த்தோம். ஒரே பயணத்தில் பத்து இடத்துக்கு மேல் சேர்க்க விடவில்லை. அதனால் முஞ்சிறை திருமலையிலிருந்து பொன்மனை வரைக்கும் ஒன்று, பன்னிப்பாகத்திலிருந்து திருநட்டாலம் வரைக்கும் இன்னொன்று என்று இரண்டாகப் பிரித்தேன். திருநந்திக்கரையிலிருந்து பொன்மனைக்கு அது காட்டிய வழியைப் பார்த்துவிட்டு, அப்பா திரையில் விரலை வைத்து, "இது சுத்து, நாங்க இந்தத் தோட்டத்துக்குள்ளால போவோம்" என்றார். ஞாயிற்றுக்கிழமை அந்த வழியில் வண்டி போகுமா என்று பார்த்துவிட்டு வர வேண்டும்.