சென்சார் இல்ல, காயில்!

கார்ல செக் என்ஜின் லைட் (என்ஜின்ல கோளாறுன்னு காட்டுற விளக்கு) எரிஞ்சுது. ஒர்க்‌ஷாப்ல "சென்சார் போயிருக்கு சார், மாத்திடலாம்"னாங்க. எந்த சென்சார்னு கேட்டா பதில் இல்ல.

வீட்டுக்கு வந்து, ஸ்டீயரிங்குக்குக் கீழ இருக்கிற 16 பின் ஓபிடி சாக்கெட்ல (காரோட கோளாறு கோடுகளைப் படிக்கிற இடம்) இஎல்எம்327 டப்பாவைச் சொருகினேன். அந்தக் கோடை போனுக்கு அனுப்புற சின்னக் கருவி இது. வந்த கோடு பி0301. முதல் சிலிண்டர் மிஸ்ஃபயர், அதாவது அதுல எரிபொருள் சரியா எரியல. அதோட இக்னிஷன் காயிலை (ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தர்றது) கழட்டி ரெண்டாவது சிலிண்டர்ல மாத்திப் போட்டு ஓட்டினா, கோடு பி0302 ஆயிடுச்சு. காயில் போன இடத்துக்கே கோளாறும் போச்சு, ஆள் சிக்கிட்டான்!

எந்த டப்பா வாங்கறதுன்னு இன்பாக்ஸ்ல கேட்டவங்களுக்கு: ஐபோன்னா பழைய புளூடூத் டப்பா ஒத்துவராது, வைஃபையோ பிஎல்இயோ (குறைஞ்ச மின்சாரத்துல ஓடுற புளூடூத் வகை) உள்ளதா பாருங்க. ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்காம பாத்துக்கிறது), ஏர்பேக் கோடெல்லாம் மலிவு டப்பாவுல பெரும்பாலும் வராது. அதுக்கு உங்க வண்டி மாடலுக்கு சப்போர்ட் இருக்கிற தனி ஸ்கேனர்தான் வேணும்.

வேலை முடிஞ்சதும் டப்பாவைக் கழட்டிடுங்க. நான் ஒரு வாரம் மறந்துட்டேன், பேட்டரி காலி. வண்டியைத் தள்ளிவிட்டது பக்கத்து வீட்டு அண்ணன்.